கேள்வி கேட்காத வகுப்பறை
(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து பெற்றோர் பலர் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: “அந்தக் கல்லூரியில் எல்லாப் பாடமும் இங்கிலீஷில்தானே?” ஆம் என்றதும் முகம் மலர்ந்துவிடுகிறது. அந்நாளில் ரப்பர்த் தோட்டத்தில் அந்த மொழியைப் பேசியவர் நிர்வாகியான துரை. ஓரளவு அறிந்தவர் கணக்கெழுதிய கிராணி. பால்வெட்டப் போனவர்களுக்கு அது எட்டவே இல்லை. பிள்ளையாவது எட்டிப் பிடிக்கட்டும் என்ற ஆசையை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு பதிலோடு நிம்மதியாகிவிடாதீர்கள்.

நம் பிள்ளைகள் வரும் வழியைப் பாருங்கள். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி. பிறகு இடைநிலைப்பள்ளியில் மலாய். சிலருக்கு இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முன், மலாய் பழகப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதல். 1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்த பிறகு பெருகிய கல்லூரிகளில் சேர்ந்தால் ஆங்கிலம். பதினெட்டு வயதில் மூன்றாவது பாடமொழியில் பொறியியல் படிக்க உட்காரும் பிள்ளையை ‘மந்தம்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அண்மையில் முதலாண்டு மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டைப் புரட்டினேன். திரையில் காட்டியதெல்லாம் ஆங்கிலத்தில் முத்துமுத்தாக இருந்தது. ஒரு சூத்திரத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால், தமிழில், “இந்தக் குறைக்குறி எங்கிருந்து வந்தது?” என்று எழுதி வட்டமிட்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

“விரிவுரையாளரிடம் கேட்டாயா அம்மா?”

“இல்லை டீச்சர். தப்பான இங்கிலீஷில் கேட்டால் சிரிப்பார்கள்.”

சுவீடன் மாணவர்கள் ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். அங்கே ஜான் ஏரி, சீட்ரிக் லிண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இயற்பியல் மாணவர்களிடம் கண்டதும் இதே கதைதான். விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தபோது கேள்விகள் குறைந்தன; குறிப்பெடுப்பதும் புரிந்துகொள்வதும் ஒருசேரக் கைகூடவில்லை. ஏரி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டு இயற்பியல் விரிவுரையாளர்கள் மொழி கற்பிப்பது தங்கள் வேலையில்லை என்றார்கள். இந்த மனப்போக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் நடத்துகிறோம் என்று விளம்பரம் செய்து மாணவரைச் சேர்த்தபின், மொழிச்சுமை முழுவதையும் மாணவர் தலையில் வைப்பது என்ன நியாயம்?

ஆசிரியர்கள் எல்லோரும் அப்படி இல்லை. இத்தாலியின் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதுநிலை, முனைவர் படிப்புகள் முழுவதையும் ஆங்கிலத்துக்கு மாற்ற 2012-இல் முடிவெடுத்தபோது, அங்கிருந்த பேராசிரியர்களே வழக்குத் தொடுத்தார்கள். இத்தாலிய மொழியை முற்றாக ஒதுக்கக் கூடாது என்று 2017-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. ஆங்கிலத்தில் பாடம் நடத்துவதை அது தடுக்கவில்லை. எனக்குச் சரியாகப் படுவதும் அதுதான்: ஆங்கிலம் இருக்கட்டும், பிள்ளைக்குத் தெரிந்த மொழியை வெளியே தள்ள வேண்டாம். நம் நாட்டிலும் 2003-இல் கணிதமும் அறிவியலும் தமிழ்ப்பள்ளி வரை ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட அரசு முடிவெடுத்தது. இடையில் படித்த பிள்ளைகள்தான் அலைக்கழிந்தார்கள்.

பெற்றோர்களே, கல்லூரிக்குப் போனால் கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: முதல் பருவத்தில் பாடத்தோடு சேர்த்து ஆங்கிலத் துணைவகுப்பு உண்டா? மாணவர் மலாயில் கேள்வி கேட்டால் விரிவுரையாளர் பதில் சொல்வாரா? பிள்ளைகளே, நாளைய பாடத்தை முன்னதாகவே வாசித்துவிட்டுப் போங்கள். அப்போது காதுக்கு வேலை பாதியாகும். தோழர்களோடு தமிழிலேயே விவாதியுங்கள். கேள்வியை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வரியாக எழுதி வைத்துக்கொண்டு, எழுந்து நின்று வாசியுங்கள். யாராவது சிரித்தாலும் வாசித்து முடியுங்கள்.

பின்வரிசையில் பல்கலைக்கழகங்களில் படிக்கும் இவ்வூர் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரிக் கையேட்டில் இல்லாததையெல்லாம் அவர்களிடம் கேட்கலாம். அதற்காகவே அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.