தையலுக்குள் போன எழுத்துகள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், நூலக வாரத்துக்காக வேலையை முடித்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

'வயது ஏற ஏற நம் வாசிப்பு தேய்கிறதா, முதிர்கிறதா?' இதுதான் கேள்வி. தேய்கிறது என்று எனக்கு முன்னால் பேசிய தம்பி மூன்று காரணம் சொன்னார். பள்ளிக்கூட வயதில் ஒரே ராத்திரியில் நாவலை முடித்தவர்கள், இன்றைக்கு ஆறு மாதம் ஆகியும் பாதியில் நிற்கிறார்கள் என்றார். கல்யாணம், வேலை, பிள்ளை என்று வந்ததும் புத்தகம் பரணுக்குப் போய்விடுகிறது என்றார். மிச்சமிருக்கும் நேரத்தையும் கைபேசி தின்றுவிடுகிறது என்றார்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். கைபேசி நேரத்தைத் தின்கிறது, உண்மை. ஆனால் ஐம்பது வயதுக்காரர் நேரத்தை மட்டுமா தின்கிறது? பதினைந்து வயதுப் பிள்ளையையும்தானே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது? அப்படியென்றால் அது காலத்தின் குறை, வயதின் குறை அல்ல. இங்கே வழக்கு வயதின் மேல்தான் போட்டிருக்கிறது.

சரி, முதல் காரணத்துக்கு வருகிறேன். அதற்குச் சாட்சியாக ஒரு புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். இது என் ஆச்சி பைண்டு செய்து வைத்த பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சணலால் கட்டி வைத்து, பிறகு பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. காலிகோ அட்டை ஓரத்தில் நைந்துவிட்டது. மணியம் வரைந்த படங்கள் மங்கிவிட்டன. சில பக்கங்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. ஆச்சி அடுக்களையில் உட்கார்ந்து படித்த இடங்கள் அவை. பைண்டர் ஓரத்தை ஒரு விரற்கடை கூடுதலாகச் சேர்த்துத் தைத்துவிட்டார். அதனால் இடது பக்கத்தில் ஒவ்வொரு வரியின் கடைசி இரண்டு மூன்று எழுத்தும் தையலுக்குள் போய்விட்டது. வலது பக்கத்தில் முதல் எழுத்துகள் போய்விட்டன.

நான் இதை முதலில் படித்தபோது எனக்கு 13 வயது. கோடை விடுமுறை. எட்டு நாளில் ஐந்து பாகமும் முடித்தேன். தையலுக்குள் போன எழுத்தை நான் தேடவே இல்லை. 'வந்திய' என்று தெரிந்தால் போதும், மீதியை மனசு போட்டுக்கொள்ளும். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்ததிலிருந்து அவன் பின்னாலேயே ஓடினேன். நடுவில் பாட்டு வந்தால் தாண்டுவேன். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் தாண்டுவேன். தஞ்சை அரண்மனையில் கால் வழங்காமல் கட்டிலில் கிடக்கும் சுந்தர சோழர் வந்தால், 'ஐயோ, குதிரையை நிறுத்திவிட்டாரே' என்று அவர்மேல் கோபம்கூட வந்திருக்கிறது. அந்த ஓட்டத்தை நான் குறைவாகச் சொல்லவில்லை. அந்த வேகம் இல்லாவிட்டால் வாசிப்பே எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் தம்பி, அந்த எட்டு நாளை அளவுகோலாக வைத்து ஒரு வாழ்நாள் முழுவதையும் அளக்காதீர்கள்.

எண்ணிக்கைதான் அளவு என்றால் உ.வே.சாமிநாதையரை எங்கே வைப்பீர்கள்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, தலபுராணம் என்று 25 வயதுக்குள் அவர் படித்து முடித்தவற்றின் பட்டியல் நீளமானது. 1880இல், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியோடு இவருடைய வாசிப்பே திசை திரும்பிவிட்டது. ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் போனார். ஒரு சுவடியை இன்னொரு சுவடியோடு வரி வரியாக ஒப்பிட்டார். நூலில் சமணக் கருத்துகள் புரியாத இடங்களில், கும்பகோணத்துச் சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல்தான் சிந்தாமணி அச்சில் வந்தது. ஒரே நூலின்மேல் ஏழு வருடம் மனசை வைத்திருந்தார். தம்பியின் கணக்குப்படி, அவருடைய வாசிப்பும் தேய்ந்துவிட்டது என்றல்லவா சொல்ல வேண்டிவரும்?

அப்புறம் அந்தப் பரண். அதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஐயா. ஏனென்றால் எங்கள் அணியில் இருந்தாலும் அந்த உண்மையை நான் மறைக்க மாட்டேன். கல்யாணமாகி 12 வருடம் நான் ஒரு நாவலையும் முழுதாக முடிக்கவில்லை. அந்த வருடங்களில் படிக்கக் கிடைத்தது தடுப்பூசி அட்டை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், மளிகைப் பொட்டலம் பிரித்த காகிதம். ராத்திரி ஒன்பதரைக்குப் புத்தகத்தை எடுத்தால், இரண்டாவது பக்கத்தில் கண் சொக்கிவிடும். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ அக்கா தங்கைகளுக்கு இது தெரியும். ஆனால் அதற்கு யார் காரணம்? ஒரு பெண்ணுக்கு நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தராத வீட்டைக் கேளுங்கள். வயதைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

அந்த 12 வருடமும் வாசிப்பு செத்துப் போகவில்லை. வேறு வேலை கற்றுக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குத் தினமும் படுக்கையில் கதை படித்துக் காட்டினேன். ஒரே கதைதான் வேண்டும் என்பார்கள். மாதக்கணக்கில் அதையே படிப்பேன். வாய்விட்டுப் படிக்கும்போது எதையும் தாண்ட முடியாது. ஒரு சொல்லை விட்டால், 'அம்மா, நரி வாலை ஆட்டிச்சே, அதைச் சொல்லலையே' என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எந்த வாக்கியம் நாக்கில் இடறுகிறது என்பதெல்லாம் எனக்கு அந்தப் படுக்கையில்தான் பிடிபட்டது. 13 வயதில் எட்டு நாளில் ஐந்து பாகம் முடித்தவளுக்கு அது தெரியவே தெரியாது.

நல்லவர்களின் நட்பு எப்படிப்பட்டது என்று சொல்ல வந்த வள்ளுவர், படிக்கப் படிக்க நூலின் நயம் கூடுவதைப் போல என்கிறார். கவனியுங்கள், ஐயா. நூலின் நயம் கூடும் என்பதை அவர் வாதாடி நிரூபிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த உண்மையாக அதை வைத்துக்கொண்டு, நட்பைத்தான் விளக்குகிறார்.

எனக்கு 46 வயதில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று ஆச்சியின் இந்தத் தொகுப்பை எடுத்தேன். தினம் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். எனக்கு அதற்குள் வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் ஒரு வரி ஓடாது. தையலுக்குள் போன எழுத்தை இப்போது ஊகித்துக்கொண்டு போக முடியவில்லை. அப்பாவுக்குக் காது கூர்மை. கட்டைவிரலால் நடு மடிப்பை அழுத்தி, விளக்குப் பக்கம் சாய்த்து, ஒவ்வொரு எழுத்தாக வெளியே எடுத்துப் படித்தேன். பாட்டுகளையும் படித்தேன். அவற்றில் பல அப்பாவுக்கு மனப்பாடம் என்பது, அவர் உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் சுந்தர சோழர் வந்தார். கால் வழங்காத ராஜா. கட்டிலில் கிடந்துகொண்டு, எங்கோ இருக்கும் பிள்ளைகளை நினைத்துக் கலங்கும் தகப்பன். 13 வயதில் நான் தாண்டிப் போன பக்கம் அது. அன்றைக்குப் பாதி வரியில் குரல் அடைத்து நிறுத்திவிட்டேன். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டலாமா என்று புரியவில்லை. புத்தகத்தை மூடப் போனேன். அப்பா இடது கையைத் தூக்கி, விரலை அசைத்து, மேலே படி என்று காட்டினார். படித்தேன்.

ஐந்து பாகமும் முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. எட்டு நாள் எங்கே, ஏழு மாதம் எங்கே என்று எதிரணி கணக்குப் போடட்டும்.

ஐயா, இந்தத் தொகுப்பை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். அந்தப் பக்கத்தில் அப்பாவின் மருந்துச் சீட்டை அடையாளமாக வைத்திருக்கிறேன். தீர்ப்புக்கு முன்னால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நடுவில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால்தான் கடைசி எழுத்து தெரியும்.