வரைபடத்தோடு பேட்டர்ன்காரரும் உட்காரட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

அஜைல், அதாவது ஒரு பொருளைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்துபார்த்து, திருத்திக்கொண்டே உருவாக்கும் முறை. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் தொழில் முனைவோர் பலர், "அது கம்ப்யூட்டர் கம்பெனிகளின் சமாச்சாரம், இரும்பை உருக்கி வார்க்கிற நமக்கு எதற்கு?" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றவேண்டும் என்றுதான் இன்று இந்த ஒலிவாங்கியின் முன் வந்திருக்கிறேன். இந்த முறைக்குத் தாய்வீடே தொழிற்சாலைதான்.

1986 ஜனவரியில், ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் ஹிரோடாகா டாகியூச்சி, இகுஜிரோ நோனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஃபியூஜி ஜெராக்ஸின் நகல் இயந்திரம், கேனனின் கேமரா, ஹோண்டாவின் சிட்டி கார் போன்றவற்றை உருவாக்கிய குழுக்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு துறையும் தன் வேலையை முடித்து அடுத்த துறையிடம் ஒப்படைப்பது தொடர் ஓட்டம் போன்றது. இந்தக் குழுக்களோ ரக்பி வீரர்களைப் போல, பந்தைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டே மொத்தமாக முன்னேறின என்று அவர்கள் விளக்கினார்கள். அந்த ரக்பி ஆட்டத்திலிருந்து வந்ததுதான், அஜைல் வழிமுறைகளில் ஒன்றான ஸ்கிரம் என்பதன் பெயர். 1993-இல் அமெரிக்க மென்பொருள் வல்லுநர் ஜெஃப் சதர்லேண்ட் அதை மென்பொருள் துறைக்கு எடுத்துச் சென்றார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மென்பொருள் துறையைச் சேர்ந்த 17 பேர் கூடி, இந்த முறையின் கொள்கைகளைச் சொல்லும் அஜைல் அறிக்கையை எழுதியது அதற்கும் பிறகு.

கேனன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிறிய அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் ஏற்ற, விலை குறைந்த நகல் இயந்திரம் ஒன்றைச் செய்ய அந்த நிறுவனம் முனைந்தது. இயந்திரம் பழுதாவதில் பத்துக்கு ஒன்பது பங்கு, உள்ளே இருக்கும் உருளையால் வருவது. மெக்கானிக் வந்து சரிபார்ப்பதற்குப் பதிலாக, வாடிக்கையாளரே உருளையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டால் என்ன என்று குழு யோசித்தது. ஆனால் தூக்கி எறிகிற பொருள் மலிவாக இருக்கவேண்டுமே! குழுத் தலைவர் ஹிரோஷி டனாகா ஒருநாள் எல்லோருக்கும் பீர் வரவழைத்தார். கையிலிருந்த அலுமினிய டப்பாவைக் காட்டி, "இதைச் செய்ய என்ன செலவாகும்?" என்று கேட்டார். அந்த டப்பாவைச் செய்கிற முறை உருளைக்கு எந்த அளவில் பொருந்தும், எங்கே பொருந்தாது என்று குழு ஆராய்ந்தது. குறைந்த செலவில் அலுமினிய உருளை செய்யும் வழி பிறந்தது. 1982-இல் அந்தச் சிறிய இயந்திரம் விற்பனைக்கு வந்தது. வடிவமைப்பு, உற்பத்திச் செலவு, பழுதுபார்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே குழு ஒரே நேரத்தில் யோசித்ததால்தான் அந்தக் கேள்விக்கே அங்கே இடம் கிடைத்தது என்பது என் கருத்து.

ஃபியூஜி ஜெராக்ஸில் எஃப்எக்ஸ்-3500 என்ற நகல் இயந்திரத்தின் குழுவினர் அனைவரையும் ஒரே பெரிய அறையில் உட்காரவைத்தார்கள். முந்தைய இயந்திரத்துக்கு 38 மாதங்கள் பிடித்தன. இதை 29 மாதங்களில் முடித்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்த புதிய மோனோபிளாக் பம்ப் ஒன்றைக் கொண்டுவர நினைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக என்ன நடக்கும்? வடிவமைப்பாளர் கணினியில், தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை வரைகிறார். மேலாளர் கையெழுத்துப் போடுகிறார். வார்ப்புக்கான மாதிரி உருவம், அதாவது பேட்டர்ன், செய்யும் கடைக்கு வரைபடம் போகிறது. அங்கிருந்து உலோகத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரி, பிறகு லேத், கடைசியில் பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட். அங்கேதான் முதல்முறையாக உண்மை தெரிகிறது. தண்ணீர் ஏறவேண்டிய உயரத்துக்கு ஏறவில்லை, அல்லது மோட்டார் கூடுதல் கரண்டை இழுக்கிறது. இம்பெல்லரை அறுத்துப் பார்த்தால், இதழ்களுக்கு இடையே உள்வழியை உருவாக்க வைத்த மணல் கட்டி, அதாவது கோர், நகர்ந்து ஒரு பக்கச் சுவர் தடித்திருக்கும். "இவ்வளவு குறுகலான வழியில் கோர் நிற்காதுங்க" என்று அந்த பவுண்டரி மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்த முதல் நாளே சொல்லியிருப்பார். அவரை யாரும் கேட்கவில்லை!

அஜைல் என்பது முதலில் அந்த மேஸ்திரியைக் கேட்பது. வடிவமைப்பாளர், பேட்டர்ன் செய்பவர், பவுண்டரிக்காரர், கொள்முதல் பார்ப்பவர், வயலில் போய்ப் பம்பைக் கழற்றுகிற சர்வீஸ் மெக்கானிக் ஆகியோர் தொடக்கத்திலிருந்தே ஒரே மேசையைச் சுற்றி உட்காரவேண்டும். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று அந்த மேசைக்கு வரவேண்டும். அது முழுப் பம்பாக இருக்கவேண்டிய அவசியமில்லை. முப்பரிமாண அச்சில் எடுத்த பிளாஸ்டிக் இம்பெல்லராக இருக்கலாம். பம்பின் வெளிக்கூடான பழைய கேசிங்கில் புதிய இம்பெல்லரைப் பொருத்தி ஓட்டிய டெஸ்ட் பெட் அளவுகளாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரு சந்தேகம் தீர்ந்ததா என்பதே கணக்கு.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். மென்பொருளில் தவறு இருந்தால் நாலு வரியை மாற்றி எழுதிவிடலாம். பாகத்துக்கு உருவம் கொடுக்கும் அச்சான டையை வெட்டிய பிறகு எப்படி மாற்றுவது? உண்மைதான். அதனால்தான் தொழிற்சாலையில் இந்த முறைக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவைப்படுகிறது. ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு சேரும் இடத்தை, அதாவது போல்ட் துளைகள், ஷாஃப்ட் விட்டம், குழாயை இணைக்கும் ஃபிளாஞ்சின் அளவு ஆகியவற்றை முதலிலேயே முடிவுசெய்து பூட்டிவிடுங்கள். அதன்பின் உள்ளே இருப்பதை எத்தனை முறை மாற்றினாலும் மற்றவர்களின் வேலை கெடாது. டைக்குப் பணம் கட்டும் நாளை மட்டும் முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.

டாகியூச்சியும் நோனாகாவும், விமானம் போன்ற மிகப் பெரிய திட்டங்களுக்குத் தங்கள் முறை சரிவராமல் போகலாம் என்றே எழுதினார்கள். ஆயிரம் பேர் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முடியாதல்லவா! ஆனால் ஸ்வீடனின் சாப் நிறுவனம் கிரிப்பன் இ போர் விமானத்தை இந்த வழியில்தான் உருவாக்கியது. அங்கே மூன்று வாரம் ஒரு சுற்று. காலை 7.30-க்குச் சிறு குழுக்கள் கூடும். தங்களால் தீர்க்க முடியாத சிக்கலை மேலே அனுப்பும். அது படிப்படியாக ஏறி 8.45-க்குள் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களின் முன்னால் வந்துவிடும். விமானத்தைப் பறக்கவைக்கும் மென்பொருளையும் போருக்கான மென்பொருளையும் தனித்தனியாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஒன்றை மாற்றினால் மற்றதைத் தொடவேண்டியதில்லை. அந்த விமானம் 2017 ஜூன் 15 அன்று முதல்முறையாகப் பறந்தது. போர் விமானத்துக்கு முடிந்தது, ஒரு பம்புக்கு முடியாதா?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த ஜப்பானியக் குழுக்களில், வேலை உச்சத்தில் இருந்தபோது மாதம் 100 மணி நேரம் வரை கூடுதல் வேலை பார்ப்பது அபூர்வமாக இருக்கவில்லை என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. அதை நாம் பின்பற்றக் கூடாது. வேகம் என்ற பெயரில் தொழிலாளியின் இரவுகளைப் பறிப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். சிக்கல் முன்கூட்டியே தெரிந்தால் வேலை குறையத்தான் வேண்டும். கூடுகிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

நம் ஊரில் பெரிய தடை வேறு ஒன்று: கூலி. ஜாப் ஆர்டர், அதாவது மற்ற கம்பெனிகளுக்காக வார்த்துக் கொடுக்கும் வேலை, எடுக்கும் சிறிய பவுண்டரிக்குக் கிலோ கணக்கில்தான் பணம். ஒரே ஒரு மாதிரி வார்ப்பு என்றால் அவருக்கு நஷ்டம். ஆகவே அது வரிசையில் கடைசிக்குப் போகும், உங்கள் மூன்று வாரச் சுற்று மூன்று மாதமாகும். கொள்முதல் துறையிலும் குறைந்த விலைப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். மாதிரி வார்ப்புக்கு எடையைப் பார்க்காமல் தனி விலை பேசுங்கள். பேட்டர்ன்காரர் உங்கள் கூட்டத்தில் உட்காரும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள். மென்பொருள் நிறுவனங்களில் இருந்து ஆலோசகரை வரவழைக்கும் முன்பு, இந்த இரண்டு செலவையும் அடுத்த பட்ஜெட்டில் எழுதுங்கள்.

வணக்கம்.