ஊர் நடுவில் ஒரு ராட்டினம்

நேயர்களுக்கு வணக்கம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தில்லியில் பள்ளிக்கூடம் போன தமிழ்ப் பிள்ளைகள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களில் யாரைப் பார்த்தாலும் ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். அப்பு கர், அதாவது அப்புவின் வீடு. பொருட்காட்சிகள் நடக்கும் பிரகதி மைதானத்தில், உச்ச நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே இருந்த பொழுதுபோக்குப் பூங்கா. நாட்டின் முதல் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா என்று அதைச் சொல்வார்கள்.

பெயர் வந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதன் சின்னம் அப்பு என்கிற குட்டி யானை. தொடக்க விழாவுக்காகக் கேரளத்திலிருந்து யானைகள் ரயிலேறி வந்தன. அந்தச் சின்னத்துக்கு உயிருள்ள முகமாக இருந்தவன் குட்டிநாராயணன் என்கிற குருவாயூர் யானை. ஹிந்தியும் பஞ்சாபியும் பேசும் தெருவில் வளர்ந்த எங்களுக்கு, ஊரே கொண்டாடும் யானை நம் தெற்கிலிருந்து வந்தது என்பதில் அவ்வளவு பெருமை!

பூங்கா திறந்த நாள் 1984 நவம்பர் 19. இந்திரா காந்தியின் பிறந்த நாள். அவர் சுட்டுக் கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதைத் தொடர்ந்து சீக்கியர்களைக் கொன்ற கொடுமையும் இதே நகரத்தில்தான் நடந்தது. எங்கள் குடியிருப்பிலும் சீக்கியக் குடும்பங்கள் இருந்தன. அந்த நாட்களைப் பற்றிப் பெரியவர்கள் வெகுகாலம் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். ஒரு பூங்கா அந்தக் காயத்தை ஆற்றியது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்தில்தான் அந்த ராட்டினம் சுற்றத் தொடங்கியது என்பதைச் சொல்லாமல் அப்பு கர் பற்றிப் பேசவும் முடியாது.

அந்த ராட்டினத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். வேகமாகச் சுற்றும்போது கூச்சலிடுவதில் மற்ற பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எனக்கு அது நிற்பதில் சந்தோஷம். கீழே ஒவ்வொரு பெட்டியாக ஆளை இறக்கி ஏற்றுவார்கள் அல்லவா, அதனால் உச்சிக்குப் போன பெட்டி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிடும். அங்கிருந்துதான் தில்லியை நான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். ஒரு பக்கம் புரானா கிலா என்கிற பழைய கோட்டையின் மதில். இன்னொரு பக்கம் யமுனை. காலடியில் நீதிமன்றத்தின் குவிமாடம். பிரகதி மைதானத்துக்குள், 1972-இல் முக்கோணம் முக்கோணமாகக் கான்கிரீட்டில் கட்டிய 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' என்கிற கண்காட்சிக் கூடம். அதையும் 2017-இல் இடித்துவிட்டார்கள். வகுப்பில் பெயர்களாகப் படித்த நகரம் ஒன்றோடொன்று சேர்ந்து கிடப்பதை அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் கண்டுகொண்டேன்.

அப்புறம் ஆடும் கப்பல். உச்சிக்குப் போய்க் கீழே திரும்பும் கணத்தில் வயிற்றில் ஏதோ நழுவுமே, அது ஏன் என்று பள்ளியில் இயற்பியல் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். இருக்கையும் நாமும் சேர்ந்தே விழுவதால் இருக்கை நம்மைத் தாங்குவது அந்த நேரத்தில் குறைந்துவிடுகிறது. குடலும் வயிறும் அப்படியே. "கப்பலில் ஏறினவர்கள் கை தூக்குங்கள்" என்றார். வகுப்பே கை தூக்கியது.

வகுப்பே கை தூக்கியது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். கரோல் பாக், லோதி காலனி, ராமகிருஷ்ணபுரம் என்று எங்கெங்கோ அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். ரிங் ரோடைச் சுற்றும் முத்ரிகா பஸ்ஸில் போய் இறங்கி நடந்தால் பூங்கா வந்துவிடும். நவம்பரில் வர்த்தகப் பொருட்காட்சி பார்க்கப் போனால் அது பக்கத்திலேயே. ஊரிலிருந்து எல்.டி.சி.யில், அதாவது அரசு ஊழியர்களுக்கான விடுமுறைப் பயணச் சலுகையில், உறவுக்காரர்கள் வந்தால் செங்கோட்டை, குதுப் மினார், மலை மந்திர் என்கிற முருகன் கோயில், பிறகு அப்பு கர். அம்மாக்கள் புல்லில் ஜமுக்காளத்தை விரித்து, எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் எடுத்து வைப்பார்கள். எல்லா ராட்டினத்திலும் ஏறக் காசு இருக்காது. எதில் ஏறுவது என்று அண்ணனும் தங்கையும் பஸ்ஸிலேயே சண்டை போட்டு முடிவு செய்திருப்பார்கள்.

2008-இல் பூங்கா மூடப்பட்டது. அந்த நிலம் உச்ச நீதிமன்றத்தின் விரிவாக்கத்துக்குப் போனது. 2019-இல் அங்கே கூடுதல் கட்டட வளாகம் திறந்தார்கள், பன்னிரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். நீதிமன்றத்துக்கு இடம் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். வழக்குக்காக ராமநாதபுரத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வருகிறவருக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. எடுத்த இடத்துக்கு மாற்றாக நகரத்தின் நடுவிலேயே பிள்ளைகளுக்கு இன்னோர் இடம் கொடுத்திருக்க வேண்டும். அதுதான் என் ஆதங்கம். அப்பு பெயர் குருகிராமுக்குப் போனது. பெரிய பூங்காக்கள் ரோகிணியிலும் நொய்டாவிலும் இருக்கின்றன. மெட்ரோ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் போகவர ஆகும் நேரத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்கும் தகப்பனுக்கு அது வருஷத்துக்கு ஒருமுறை போகிற இடமாகிவிடுகிறது.

நம் ஊர்களில் தேர்த் திருவிழா என்றால் ராட்டினத்தை எங்கே போடுகிறார்கள்? கோயிலுக்கு எதிரே இருக்கும் திடலில். ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டால் ஒருவரும் ஒப்பமாட்டார்கள். அந்த உரிமையைத் தில்லிப் பிள்ளைகளுக்காகவும் நாம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிரகதி மைதானத்தில் பாரத மண்டபம் என்கிற மாநாட்டு மையம் 2023-இல் எழுந்தது; நகரம் இன்னும் கட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அடுத்த முறை ஒரு வரைபடம் மக்கள் கருத்துக்கு வரும்போது, குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள், தமிழ்ச் சங்கத்தில் இருப்பவர்கள், ஒரு கடிதம் எழுதுங்கள். பஸ் போகிற தூரத்தில், பத்து ஏக்கர், பிள்ளைகளுக்கென்று. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.

வணக்கம்.