பட்டினியும் பாதயாத்திரையும்: ஒரு புயலுக்குப் பிறகு

(திரையில்: வார்சா மாநாட்டு மண்டபம், நவம்பர் 11, 2013)

மைக் முன்னால் பேசுகிறவருக்குப் பாதியிலேயே குரல் உடைகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்கிறார். அவர் யெப் சான்யோ, ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்கு வந்த பிலிப்பைன்ஸ் குழுவின் தலைவர். மூன்று நாள் முன்புதான் ஹையான் புயல் அவர் நாட்டைப் புரட்டிப் போட்டிருந்தது. அவர் கூடப்பிறந்த ஏ.ஜி. சான்யோ டக்லோபன் நகரத்தில் எப்படியோ உயிர் தப்பி, சாப்பாடில்லாமல், தன் கையாலேயே பிணங்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அதைச் சொல்லிவிட்டு சான்யோ அறிவித்தார்: உருப்படியான முடிவு கண்ணில் படும்வரை இந்த மாநாட்டில் சாப்பிடப் போவதில்லை.

உண்ணாவிரதம் நமக்குப் பழகிய விஷயம்தான். ஆனால் ஒரு நாட்டின் அரசுப் பிரதிநிதியே பேச்சுவார்த்தை மேஜையில் பட்டினியாக உட்காருவது அபூர்வம். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பல நாட்டு இளைஞர்களும் கூடவே பட்டினி இருந்தார்கள். பிறகு மாதந்தோறும் முதல் தேதி நோன்பு இருப்பது என்று அது ஓர் இயக்கமாகவே தொடர்ந்தது.

(திரையில்: பிலிப்பைன்ஸ் வரைபடம், லெய்டே தீவு)

சரி, டக்லோபனில் என்னதான் நடந்தது? அரசுக் கணக்குப்படியே நாடு முழுக்க 6,300 பேர் இறந்தார்கள். பலரைக் கொன்றது காற்றைவிட, காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல். எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. ஆனால் அதில் இருந்த ‘ஸ்டார்ம் சர்ஜ்’ (புயல் காற்று கடலை ஊருக்குள் தள்ளுவது) என்ற ஆங்கிலச் சொல் பலருக்குப் புரியவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பியவர்கள் பிறகு சொன்னார்கள். 2004-ஐப் பார்த்த நமக்கு அது எவ்வளவு உண்மை என்று தெரியும்.

கடல் சூடாக ஆக, புயலுக்குத் தீனி கூடுகிறது. கடல்மட்டம் உயர உயர, தண்ணீர் இன்னும் உள்ளே வருகிறது. உலகம் கக்கும் கார்பனில் பிலிப்பைன்ஸின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. புகை ஒரு வீட்டில், கண்ணெரிச்சல் இன்னொரு வீட்டில். பருவநிலை நீதி என்று கேட்பவர்களின் வழக்கு இதுதான்.

இங்கே ‘எல்லாம் ஆண்டவன் சோதனை’ என்று மதம் ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். அப்படிச் சொன்னால் புகை விட்டவர் தப்பித்துவிடுவார். சான்யோவும் நண்பர்களும் மதத்திலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள்: நடை.

2014 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், மணிலாவிலிருந்து கிளம்பினார்கள். ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். வழியில் தங்கி, மக்களோடு பேசி, சான் ஹுவானிகோ பாலத்தைக் கடந்து, நவம்பர் 8 அன்று, புயல் அடித்து ஓராண்டு நிறையும் நாளில், டக்லோபன் சேர்ந்தார்கள். பழநிக்கு நடந்து போயிருப்பவர்களுக்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை. காலில் கொப்புளம் போட்டால்தான் தூரம் புரியும்.

(திரையில்: மழையில் ஒரு மஞ்சள் கோட்டு)

2015 ஜனவரி 17. அதே டக்லோபனுக்குப் போப் பிரான்சிஸ் வந்தார். அன்றைக்குப் பார்த்து இன்னொரு புயல். மழைக்கோட்டு போட்ட கூட்டத்தின் நடுவே, தானும் அதே மஞ்சள் மழைக்கோட்டுடன் திருப்பலி நடத்தினார். எழுதி வந்த உரையை ஒதுக்கிவிட்டு, உங்களிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை என்றார். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்க வேண்டிய பதவி அது. அதே ஆண்டு ஜூனில் பூமியைப் பற்றிய அவருடைய சுற்றுமடல் ‘லௌதாத்தோ சி’ வெளியானது.

செப்டம்பர் 30 அன்று சான்யோ மறுபடி நடக்க ஆரம்பித்தார், இந்த முறை ரோமிலிருந்து, அந்த ஆண்டுப் பருவநிலை மாநாடு நடக்கவிருந்த பாரிஸுக்கு. நவம்பர் இறுதியில் போய்ச் சேர்ந்தபோது, பயங்கரவாதத் தாக்குதலால் அந்த ஊரில் பேரணிக்கே தடை. பேரணி போக முடியாதவர்கள் ரிபப்ளிக் சதுக்கத்தில் செருப்புகளையும் ஷூக்களையும் வரிசையாக வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஜோடிகளில் போப் அனுப்பிய ஒரு ஜோடி கறுப்பு ஷூவும் இருந்தது.

இதெல்லாம் கார்பனைக் குறைத்ததா என்று யாராவது கேட்டால், நேரடியாக இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் வெறும் அடையாளமாகவும் நின்றுவிடவில்லை. 2015-இலேயே புயலில் தப்பியவர்களும் அமைப்புகளும் எண்ணெய், நிலக்கரி, சிமெண்ட் நிறுவனங்கள் 47-இன் மேல் பிலிப்பைன்ஸ் மனித உரிமை ஆணையத்தில் மனு கொடுத்தார்கள். ஏழு ஆண்டு இழுத்து, 2022-இல் அறிக்கை வந்தது: இந்த நிறுவனங்களைப் பொறுப்பாக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதே ஆண்டு அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள், நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவில் போட்ட திருச்சபைப் பணத்தை வெளியே எடுக்க வேண்டும் என்று மேய்ப்புக் கடிதம் எழுதினார்கள். பிரார்த்தனையோடு கணக்குப் புத்தகத்தையும் திறந்துவிட்டார்கள்.

அப்புறம் அந்த வார்சா மேஜை. பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு இழப்பீட்டு நிதி வேண்டும் என்று அன்று கேட்டதற்கு 2022-இல்தான் சம்மதம் கிடைத்தது. அடுத்த ஆண்டு துபாயில் பணக்கார நாடுகள் வாக்களித்த தொகை சுமார் 70 கோடி டாலர். உலகத்துக்கே அவ்வளவுதான். அந்த நிதியின் நிர்வாகக் குழுவுக்கு இருப்பிடம் தரும் நாடாக 2024-இல் தேர்வானது பிலிப்பைன்ஸ்.

(திரையில்: டக்லோபன், அனிபோங். கடல் தூக்கி வந்து குடிசைகள் மேல் போட்ட கப்பலின் முகப்பு, நினைவுச் சின்னமாக.)