நானூறால் பெருக்குகிறவர்கள்

(யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு ஞாயிறு மாலை பேசியது. இடையில் வந்த சில கிளைக்கதைகளை எழுதும்போது விட்டுவிட்டேன்.)

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நல்லூர்த் திருவிழா நேரம் தலைமயிர் வெட்டப் போயிருந்தேன். எனக்கு முன்னால் கதிரையில் இருந்தவர் லண்டனிலிருந்து வந்தவர். வேலை முடிந்து சலூன்காரர் எழுநூறு ரூபா என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இரண்டு பவுண் கூட வராது! சரியான மலிவு” என்று ஆயிரம் ரூபாத் தாளை வைத்துவிட்டு மிச்சம் வாங்காமல் போனார். நல்ல மனிதர். அவர் போன பிறகு சலூன்காரர் என்னிடம் கேட்டார்: “மாஸ்டர், அங்கே வெட்டுறதெண்டால் எவ்வளவு?” பதினைந்து பவுணாவது வரும் என்றேன். ஒரு பவுண் நானூறு ரூபா என்று மனதுக்குள் பெருக்கியிருப்பார் போல. “ஆறாயிரமோ? நான் வெட்டினதும் அதே தலையைத்தானே!” என்றார்.

சிரித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. அதே தலை, அதே கத்தரிக்கோல், அதே இருபது நிமிடம். ஓரிடத்தில் எழுநூறு, மற்ற இடத்தில் ஆறாயிரம். ஏன்?

இதற்கு 1964ஆம் ஆண்டிலேயே இரண்டு பொருளியலாளர்கள், பேலா பலாசாவும் போல் சாமுவேல்சனும், தனித்தனியாக ஒரே விளக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். அதை நம் சலூனுக்குள் கொண்டுவந்து சொல்கிறேன். லண்டன் சலூன்காரர் நம்மவரைவிட வேகமாக வெட்டுவதில்லை. ஆனால் அவருக்குக் காசு காணாவிட்டால் கத்தரிக்கோலை வைத்துவிட்டு பஸ் ஓட்டப் போவார், களஞ்சியத்தில் பெட்டி அடுக்கப் போவார். அந்த ஊரின் தொழிற்சாலைகளும் வங்கிகளும் ஒரு மணித்தியாலத்தில் பெருந்தொகை உழைத்துத் தருகின்றன. அங்கே சம்பளம் ஏற, மற்ற வேலைகளின் சம்பளமும் அதன் பின்னால் ஏறுகிறது. நம்மவர் கத்தரிக்கோலை வைத்தால் எங்கே போவார்? தோட்டத்துக்கு, அல்லது மேசனுக்குக் கையாளாக. அந்தக் கூலிதான் எழுநூறைத் தீர்மானிக்கிறது. தலைமயிர் வெட்டுவதைக் கப்பலில் ஏற்றி அனுப்பவும் முடியாது.

கப்பலில் ஏறக்கூடிய பொருளைப் பாருங்கள், கதை மாறிவிடும். கைத்தொலைபேசிக்கு யாழ்ப்பாண விலை என்று ஒன்று இல்லை. வரியையும் சேர்த்தால் அங்கே வாங்குவதைவிட இங்கே கூடத்தான் வரும். பெற்றோலும் அப்படித்தான். 2025இல் இங்கே ஒரு லீற்றர் முந்நூறு ரூபாவை ஒட்டி நின்றது. அதே ஆண்டில் அமெரிக்காவில் அடித்த விலையை ரூபாவுக்கு மாற்றினால் இருநூற்றைம்பது அளவில் வரும். நம்மைவிடப் பலமடங்கு சம்பாதிக்கிறவன் நம்மைவிடக் குறைந்த விலைக்கு பெற்றோல் அடித்தான். காரைப் பற்றிப் பேசவே வேண்டாம். எல்லாருக்கும் வயிறு எரியும்.

நாடுகளுக்கிடையே விலைகளை ஒப்பிட 1986இல் லண்டன் சஞ்சிகையான ‘எக்கனமிஸ்ட்’ ஒரு விளையாட்டான வழி கண்டுபிடித்தது. உலகெங்கும் ஒரே மாதிரிச் செய்யப்படும் ஒரு பர்கரின் விலையை நாடு நாடாக எடுத்துப் பார்ப்பது. இலங்கையில் அந்த பர்கர்க் கடைகள் 2024இல் மூடப்பட்டுவிட்டன, ஆகவே நமக்குக் கொத்துரொட்டிதான் சரி. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கொத்து பதினைந்து கனேடிய டொலர் அளவில், அதாவது மூவாயிரம் ரூபாவுக்கு மேல். இங்கே ஆயிரம் ரூபா அளவில். சரி, அந்த ஆயிரத்தைப் பிரித்துப் பாருங்கள். மா வெளிநாட்டுக் கோதுமை. காஸ் இறக்குமதி. எண்ணெயில் ஒரு பங்கும் அப்படித்தான். இவற்றுக்கு உலகவிலைதான். முட்டையும் கோழியும் உள்ளூர் என்று சொல்லலாம், ஆனால் கோழி தின்கிற தீனுக்கு டொலர் விலை தெரியும். பிறகு எதில் மலிவு? கல்லில் தட்டுகிற பெடியனின் சம்பளத்தில், கடை வாடகையில், கோப்பை கழுவுகிற அம்மாவின் கூலியில். கொத்து மலிவு என்று நாம் சொல்லும்போது அந்தப் பெடியனின் நேரம் மலிவு என்றுதான் சொல்கிறோம். எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. நானும் அங்கே போய்ச் சாப்பிடுகிறவன்தான்.

அதனால் பெருக்குவதை விட்டுவிட்டு வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள்: ஒரு பொருளுக்கு எத்தனை நிமிடம் வேலை செய்ய வேண்டும்? பிரித்தானியாவில் 2025 ஏப்ரலிலிருந்து ஒரு வருடத்துக்கு, 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுணாக இருந்தது. அதையே கணக்குக்கு எடுப்போம். இலங்கையில் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 30,000 ரூபா. மாதத்தில் இருநூறு மணித்தியாலம் என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 150. லண்டன் சுப்பர் மார்க்கெட்டில் ஒரு பெரிய பாண் ஒன்றரைப் பவுணுக்குள் முடியும், ஏழு நிமிட வேலை. இங்கே 450 கிராம் பாண் நூற்றிருபது, நூற்றிமுப்பது. ஆகக்குறைந்த சம்பளக்காரருக்கு அது ஐம்பது நிமிடம், பாணின் நிறையும் பாதிதான். நல்ல மேசனுக்கு நாலாயிரம் ரூபா நாட்கூலி என்றால் அவருக்குக் கால் மணித்தியாலம். ஆக, ‘இலங்கையில் வாழ்க்கைச் செலவு இவ்வளவு’ என்று ஒரே தொகையாகச் சொல்கிறவரிடம், எந்த இலங்கையருக்கு என்று கேளுங்கள்.

ஜேர்மன் புள்ளிவிபரவியலாளர் ஏர்ன்ஸ்ட் ஏங்கல் 1857இலேயே ஒன்றைக் கவனித்திருந்தார். வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். அமெரிக்கக் குடும்பங்களுக்கு அது பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். நமக்கு மூன்றில் ஒரு பங்கு. 2022 ஏன் நம்மை அப்படி முறித்தது என்பது இதில் விளங்கும். டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனது, செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. சாப்பாட்டுக்குப் பத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறவனுக்கு அது எரிச்சல். நமக்கு அது குறைந்துபோன ஒரு நேரச் சாப்பாடு.

உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு 3 டொலராக உயர்த்தியது. அதை முந்நூறால் பெருக்கி, தொளாயிரம் ரூபா என்று ஒருவர் எழுதியிருந்தார். தவறு. அது வங்கியில் மாற்றுகிற டொலர் அல்ல. நாட்டுக்கு நாடு விலை வேறுபாட்டைக் கழித்து எடுத்த கணக்கு. ரூபாவில் அந்தக் கோடு தொளாயிரத்துக்கு நன்றாகக் கீழேதான் விழும்.

விலைச்சீட்டே இல்லாத சில விஷயங்களும் இருக்கின்றன. பெரியாஸ்பத்திரியில் கட்டில் வாடகை இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடக் கட்டணம் இல்லை. குழந்தையைப் பார்க்க அம்மம்மா இருக்கிறா. கனடாவில் பிள்ளை பராமரிப்புச் செலவு தாங்காமல்தான் அரசாங்கம் 2021இல் நாளொன்றுக்கு 10 டொலர் என்ற திட்டத்தை அறிவித்தது. நம் ஆட்கள் அதற்கும் முந்திய ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள்: பெற்றோர் வந்து நீண்டகாலம் தங்கக் கனடா கொடுக்கும் சுப்பர் விசாவில் அம்மம்மாவையே ஏற்றிவிடுவது. யாழ்ப்பாணத்திலிருந்து போகும் சேவை ஏற்றுமதியில் அதற்கு ஒரு நிரல் போட வேண்டும்.

அப்புறம் வீடு. இன்று நான் பேச வந்ததே இதைத்தான்.

லண்டனில் அந்த 12.21 பவுணுக்கு முழுநேரம் வேலை செய்தவருக்கு, வரி போக, மாதம் ஆயிரத்து எழுநூற்றைம்பது பவுண் அளவில் கையில் வந்தது. பகிர்ந்து இருக்கும் வீட்டில் ஓர் அறைக்கே எண்ணூறு, தொளாயிரம் போய்விடும். பாதிச் சம்பளம் கதவுக்குள் நுழைவதற்கே! சுவிஸில் பெரும்பாலானவர்கள் வாடகைக்கு இருக்கிறவர்கள். அதை அங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. நாமோ வாடகை வீட்டில் இருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி என்ன கேட்போம் என்று உங்களுக்கே தெரியும். கனடாவில் வீடு வாங்கியவர்கள் பலர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கடன் வட்டியைப் புதுப்பிக்க வேண்டும். 2022 தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி, 2023 ஜூலையில் 5 வீதமானது. ஸ்காபரோவில் நிலக்கீழ் அறையை வாடகைக்கு விட்டுத்தான் பலர் மேல்மாடியைக் காப்பாற்றுகிறார்கள். கோடையில் வந்து நல்லூரில் தங்கச் சங்கிலியோடு நிற்கிறவர் பங்குனியில் என்ன கணக்குப் பார்க்கிறார் என்று நமக்குத் தெரிவதில்லை.

இங்கே வீடு கட்டுகிற வழி வேறு. வட்டி பயத்தில், கைக்கு வருகிற காசுக்குத்தான் சுவர் எழும்பும். இந்த வருடம் அத்திவாரம், சீட்டு விழுந்தால் சுவர், மகன் அனுப்பினால் ஓடு. அங்கே இருபத்தைந்து வருடக் கடன் இருக்கிறது, வீடு முதல் நாளே முழுதாகக் கிடைக்கிறது. இங்கே கடன் இல்லை, ஆனால் வீடு முடிய இருபத்தைந்து வருடம். இதில் மேசன், ஓடாவி கூலி மட்டும்தான் உள்ளூர் விலை. கம்பியும் பெயின்ரும் வயரும் டொலரைப் பார்த்து ஏறும். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். யுத்தத்துக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். நல்ல உதவி. ஆனால் நம் ஆட்கள் கணக்கில் நிற்பார்களா? விறாந்தையை நீட்டி, அறையைக் கூட்டி, நகையை அடகு வைத்தவர்களை நான் அறிவேன்.

நம் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் ஒற்றி என்று ஒன்று இருக்கிறதல்லவா? 1706-07இல் ஒல்லாந்தர் எழுதுவித்த சட்டம். காசு கொடுத்தவர் வட்டி கேட்கமாட்டார். காணியின் பயனை எடுப்பார். காசு திரும்பினால் காணியும் திரும்பும். இதே எண்ணம் தென்கொரியாவில் வீட்டு வாடகையாக இருக்கிறது. ஜொன்சே என்பார்கள். குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுப்பார், மாத வாடகை கிடையாது, தவணை முடிய முழுக் காசும் திரும்ப வேண்டும். 2022, 2023இல் அங்கே வீட்டு விலை இறங்கியபோது பல உரிமையாளர்களிடம் திருப்பிக் கொடுக்கக் காசு இருக்கவில்லை. பணக்கார நாடு என்றால் வீட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

இனி நம் காணி. பரப்பு என்பது நம் ஊர்க் காணி அளவு. கணக்குக்காக ஒரு பரப்பு நாற்பது இலட்சம் ரூபா என்று வையுங்கள். சில இடங்களில் கூட, சில இடங்களில் குறைய. லண்டனில் அந்த 12.21 பவுண் சம்பளக்காரருக்கு அது எண்ணூற்றிருபது மணித்தியாலம், ஐந்து மாத வேலை. நம் மேசனுக்கு ஆயிரம் நாள். வருடத்தில் முந்நூறு நாள் வேலை கிடைத்தாலும் மூன்று வருடத்துக்கு மேல், அதுவும் ஒரு நேரமும் சாப்பிடாமல். ஒரே ஒழுங்கையில் கூலி யாழ்ப்பாண விலையில், காணி லண்டன் விலையில். தலைமயிரைப் போலவே காணியையும் கப்பலில் ஏற்ற முடியாது, ஆகவே மலிவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் வாங்குகிறவரின் காசு பறந்து வருகிறதே! பூட்டிக் கிடக்கும் மாடி வீடு, உயர்ந்த மதில், மாதச் சம்பளத்துக்குக் குப்பை கூட்டுகிற ஒருவர், அடுத்த வளவில் அதே ஒருவரின் பிள்ளைகள் தகரக் கொட்டிலில். காணியில் பங்குள்ள கூட்டுரித்தாளருக்கு முதலில் வாங்கும் உரிமையைத் தேசவழமை கொடுத்திருக்கிறது. உரிமை இருக்கிறது, காசு இல்லை.

வெளிநாட்டில் இருக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அனுப்பிய காசில்தான் இந்த வாசிகசாலைக் கூரையும் நிற்கிறது. ஆனால் ‘ஊரில் எல்லாம் மலிவு’ என்ற பேச்சை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

போன கிழமை அந்தச் சலூன்காரரை மீண்டும் கண்டேன். மகளுக்காக இரண்டு பரப்புக் காணி பார்க்கிறாராம். தரகருக்குத் தொலைபேசி எடுத்தாராம். எந்த இடம், எவ்வளவு என்று தரகர் கேட்கவே இல்லையாம், முதல் கேள்வியே, “வாங்கிறது ஆர், வெளியில இருக்கிற ஆக்களோ?”

“இல்லை, நான்தான்” என்றிருக்கிறார். பிறகு அழைக்கிறேன் என்று தரகர் வைத்துவிட்டாராம். இன்னும் அழைப்பு வரவில்லை.