ஒரு நாளைக்கு ஐந்தே குதிப்பு! எலும்புக்கு வைட்டமின் டி மட்டும் ஏன் போதாது?

வணக்கம். நாளொன்றுக்கு ஐந்தே ஐந்து முறை குதித்தால் எலும்பு வலுப்படும் என்று ஒருவர் சொன்னால் நம்புவீர்களா? அதைச் சோதித்துக் காட்டிய ஆய்வுக்குப் போகும் முன், கோவை ரேஸ் கோர்ஸில் விடியற்காலையில் நடப்பவர்கள் பலரும் கொண்டிருக்கும் ஒரு நம்பிக்கையைத் திருத்திவிடுகிறேன்.

காலை இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பதே அது. தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருளை வைட்டமின் டி ஆக மாற்றத் தொடங்குவது புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதால், ஓசோன் படலம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. சி.வி. ஹரிநாராயண், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹோலிக் ஆகியோர் அடங்கிய குழு, அதே பொருளைச் சிறு குப்பிகளில் அடைத்துத் திருப்பதி வெயிலில் மணிக்கு மணி வைத்துச் சோதித்தது. 2013-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மாற்றம் சிறப்பாக நடந்தது காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே பயன் தரும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோல் கருகும்வரை நிற்க வேண்டியதில்லை. சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதில் பயனும் இல்லை.

(திரையில்: திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் நூல் மூட்டைகள் இறங்குகின்றன)

இனி எலும்புக்கு வருவோம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் வைட்டமின் டி குறைந்த உடலில், உண்ட கால்சியத்தில் 10 முதல் 15 விழுக்காடு மட்டுமே குடலில் உறிஞ்சப்படுகிறது. போதுமான அளவு இருந்தால் அது 30 முதல் 40 விழுக்காடாக உயர்கிறது. அதாவது, வைட்டமின் டி நூலைக் கொண்டுவந்து இறக்குகிறது. நூல் வந்து இறங்கியதாலேயே பனியன் தைக்கப்படுவதில்லை, ஆர்டர் வரவேண்டும் என்பது திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எலும்புக்கு அந்த ஆர்டரைக் கொடுப்பது உடல் அசைவு. ஆர்டர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு விண்வெளி வீரர்களே சாட்சி: எடையற்ற நிலையில் அவர்களுடைய இடுப்பெலும்பின் அடர்த்தி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 விழுக்காடு குறைந்திருக்கிறது.

இப்போது, என்னை வெகுவாகக் கவர்ந்த அந்த ஆய்வு. ஜப்பானிய ஆய்வாளர் யோஷிஹிசா உமெமுரா குழுவினர் எலிகளைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை நாளுக்கு 5 முறையும் மற்றவற்றை 10, 20, 40, 100 முறையும் குதிக்கப் பழக்கினார்கள். வாரத்தில் 5 நாள்கள், மொத்தம் 8 வாரங்கள். குதிக்கும் உயரம் படிப்படியாக 40 செ.மீ. வரை கூட்டப்பட்டது. 1997-இல் வெளியான முடிவில், ஐந்து முறை மட்டுமே குதித்த எலிகளின் கால் எலும்பு, குதிக்காத எலிகளுடையதைவிடக் கனத்திருந்தது. அதை முறிக்கக் கூடுதல் விசையும் தேவைப்பட்டது. நூறு முறை குதித்தவை இருபது மடங்கு உழைத்தும், அவற்றுக்குக் கிடைத்த கூடுதல் பலன் சொற்பமே. எலும்புக்குள் நுண்ணிய கால்வாய்களில் குடியிருக்கும் செல்கள், திடீரென விழும் அழுத்தத்தால் அங்குள்ள நீர்மம் அசைவதை உணர்ந்து "இங்கே கட்டு" என்று செய்தி அனுப்புகின்றன. அதே அசைவு தொடர்ந்து வந்தால் சீக்கிரமே அவற்றின் உணர்வு மங்கிவிடுகிறது, சில மணி நேர ஓய்வுக்குப் பிறகே அது மீள்கிறது. ஒரே தடத்தில் ஒரே சீராக நடப்பது இதயத்துக்கு நல்லதாக இருந்தும் எலும்புக்குப் பெரிதாக உதவாதது இதனால்தான்.

இதைப் படித்தபோது என் மனக்கண்ணில் வந்தது வள்ளி கும்மி. நம் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயா அந்தக் கலைக்காக 2024-இல் பத்மஸ்ரீ பெற்றபோது மகிழ்ந்தோம் அல்லவா? குனிந்து கைகொட்டி, நிமிர்ந்து, சட்டெனத் திரும்பிக் கால்மாற்றி மிதிக்கும் பெண்களின் பாதங்களை மட்டும் உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு மிதியும் வேறொரு திசையிலிருந்து விழுகிறது, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியும் கிடைக்கிறது. கும்மியை யாரும் இப்படி அளந்து பார்த்ததாகச் சொல்லவில்லை; எலும்பு கேட்பவை அதில் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

மாத்திரை மட்டும் போதாதா என்றால், அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த சோதனையில், நாளுக்கு 2000 அலகு வைட்டமின் டி உண்டவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-இல் தெரியவந்தது. அவர்கள் குறைபாடு உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். குறைபாடு இருப்பவர்கள் மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் எலும்பு தேய்ந்த அம்மாவோ அப்பத்தாவோ இருந்தால், இந்த வீடியோவைக் காட்டி அவர்களை உடனே குதிக்கச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. ஆஸ்திரேலியாவில் பெலிண்டா பெக் குழுவினர், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்கு வாரம் இருமுறை, அரை மணி நேரம் பளு தூக்கும் பயிற்சியும் குதித்திறங்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். எட்டு மாதங்களில் அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. ஆனால் ஒவ்வொரு பயிற்சியின்போதும் பயிற்சியாளர் ஒருவர் அருகிலேயே நின்றிருந்தார்.