கக்கத்துக்குள் ஓடும் நாடி

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்கள் முதலில் ஒன்று செய்யுங்கள். வலது கை விரல்கள் மூன்றை இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வைத்துப் பாருங்கள். துடிக்கிறதா? அந்த ரத்தம் இதயத்தில் கிளம்பி, கக்கத்தைக் கடந்துதான் அங்கே வருகிறது. கக்கத்தில் ஓடும் அந்தக் குழாய்க்கு அக்குள் தமனி என்று பெயர். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நான் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர். வேலை கோயம்புத்தூரில், பிறந்தது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில். ஆனைமலையில் ஆழியாறு என்கிறோம், நம் பக்கம் வந்தால் அது சித்தூர்ப்புழை, கடைசியில் பாரதப்புழையில் போய்ச் சேர்கிறது, இல்லையா? இந்தக் குழாயும் அப்படித்தான். காரை எலும்புக்கு அடியில் ஒரு பெயர், முதல் விலா எலும்பின் ஓரத்தைத் தாண்டியதும் அக்குள் தமனி, கக்கத்தைக் கடந்து மேல்கைக்குள் இறங்கினால் இன்னொரு பெயர். வழியில் பொதுவாக ஆறு கிளைகள் பிரிகின்றன. கைக்குப் போகும் பெரிய நரம்புகள் எல்லாம் இதைச் சுற்றிப் பின்னியபடி கூடவே வருகின்றன. கக்கத்தில் அடிபட்டால் ரத்தமும் நரம்பும் சேர்ந்து கெடுவது இதனால்தான்.

நம் ஊரில் பனையும் தென்னையும் ஏறிக் கள் இறக்குபவர்கள் நிறைய. அவர்களில் ஒருவர், அறுபது வயது இருக்கும், கால் வழுக்கி விழப்போனவர் ஒரு கையால் மட்டையைப் பிடித்துத் தொங்கிவிட்டார். உயிர் தப்பியது, ஆனால் தோள் இறங்கிவிட்டது. பக்கத்தில் தெரிந்த ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, மூட்டு உள்ளே போய்விட்டது, வலியும் குறைந்தது, சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். ராத்திரி கக்கத்தில் வீக்கம். விடிவதற்குள் விரல்கள் மரத்து, மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. என்னிடம் வந்தபோது அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நாடிதான் இல்லை.

இந்த வெதுவெதுப்பு ஆளை ஏமாற்றும். தோள்பட்டை எலும்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழாய்கள் வலை மாதிரி இருக்கின்றன. பெரிய வாய்க்கால் உடைந்தாலும் கிளை வாய்க்கால் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வந்து சேருவதுபோல, தமனி கிழிந்த பிறகும் அவற்றின் வழியாக ஓரளவு ரத்தம் விரல் வரை வரும். சிலருக்கு மெல்லிய நாடிகூட இருக்கும். அதனால் கை சூடாக இருக்கிறது, பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இரண்டு கை நாடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் குறைவாகத் தெரிந்தாலும், கக்கமோ காரை எலும்புக்குக் கீழேயோ வீங்கினாலும், மரத்துப்போவது கூடிக்கொண்டே வந்தாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ரத்தம் போகாத தசை கெட்டுப்போகத் தொடங்க ஆறு மணி நேரம் போதும். வயதானவர்களுக்குக் குழாய் விறைத்துப்போயிருப்பதால் தோள் இறங்கும்போது எளிதில் கிழிகிறது. இழுத்துச் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் நாடி பார்க்காமல் விடுவது பெரிய தவறு, அது யார் செய்தாலும் தவறுதான்.

அவருக்கு என்ன செய்தோம்? வீக்கத்தை நேராக வெட்டித் திறந்தால் ரத்தம் பீறிட்டுவிடும். அதனால் முதலில் காரை எலும்புக்குக் கீழே ஒரு வெட்டுப் போட்டு, நல்ல நிலையில் இருந்த குழாயைப் பிடித்துக் கிளிப் போட்டு நிறுத்தினோம். அப்புறம்தான் கக்கத்துக்குள் போனோம். கிழிந்த துண்டை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து ஒரு சிரையை எடுத்து அந்த இடத்தில் தைத்தோம், அதுவும் தலைகீழாகத் திருப்பி. காலில் ரத்தம் மேலே மட்டும் ஏறும்படி அந்தச் சிரைக்குள் வால்வுகள் இருக்கின்றன, திருப்பாமல் வைத்தால் அவையே வழியை அடைத்துவிடும். கிளிப்பை எடுத்ததும் மணிக்கட்டில் துடிப்பு வந்தது. ஆனால் வீக்கம் ஒரு ராத்திரி முழுக்க நரம்பை நசுக்கியிருந்தது. அந்த விரல்கள் ஒரு தேங்காயைப் பிடிக்க எட்டு மாதம் ஆனது. முதல் நாள் மாலையே வந்திருக்கலாமே என்று இன்றும் எனக்கு மனது ஆறவில்லை.

விபத்து இல்லாமலும் இந்தக் குழாய் கெடும். வாலிபால் ஆடும் பையன்கள் கையை ஓங்கி ஓங்கி அடிப்பதில் இதன் ஒரு கிளை புடைத்து, அதற்குள் உறையும் ரத்தத்துணுக்குகள் விரல்நுனியில் போய் அடைப்பதுண்டு. விளையாட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு விரல் மட்டும் வெளுத்துச் சில்லிட்டால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். இளம்பெண்களுக்கு வரும் டகயாசு நோயில் குழாய்ச் சுவர் தடித்துச் சுருங்கி, நாடியே மறைந்துபோகும். 1908-இல் அதை முதலில் எடுத்துச் சொன்னவர் டகயாசு என்ற ஜப்பானியக் கண் மருத்துவர்.

கடைசியாக, கக்கத்தில் வைத்து நடக்கும் கட்டை. காலில் கட்டுப் போட்டவர்கள் அதன்மேல் உடம்பைச் சாய்த்துத் தொங்கிக்கொண்டு நடப்பதைத் தினமும் பார்க்கிறேன். மாதக்கணக்கில் அப்படி அழுத்தினால் குழாய் புடைக்கும், அடைக்கும், கை மரக்கும். கட்டையின் மேல்முனைக்கும் கக்கத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். வீட்டில் யாராவது பயன்படுத்தினால் இன்றைக்கே அவரை நிற்க வைத்து விரலால் அளந்து பாருங்கள். இடைவெளி இல்லையென்றால் உயரத்தைக் குறைக்கப் பெரும்பாலான கட்டைகளில் துளைகளும் திருகுகளும் இருக்கும். வணக்கம்.